பாலம் தாண்டினால் எரியும் விளக்கு

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம், மாட்டு டாக்டர் அம்பலவாணன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற மண் ரோடு அது. கொஞ்ச தூரத்தில் ஒரு வாய்க்கால் பாலம். பாலம் நல்ல மேடு. ஏறி இறங்கினால், இறக்கம் முடிகிற இடத்தில் அவர் வீட்டு இரும்புக் கேட், அதை ஒட்டி ஒரு புளியமரம். கையில் மருந்துப் பையும் குடையுமாக, செருப்பில் சேறு ஒட்ட, அவர் அந்த மேட்டில் ஏறி இறங்கினார். கார் வைத்திருக்கிற மனுஷன் ஏன் இப்படி நடந்து சாகிறார் என்று ஊரில் ஒருத்தரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்க என்ன இருக்கிறது?

முற்றத்தில் மெக்கானிக் வைத்தியலிங்கம் காத்திருந்தார். காரின் மேல் மாசி மாசத்திலிருந்து கிடந்த படுதாவை உருவி மடித்து வைத்திருந்தார். எலிப் புழுக்கையும் பழைய பெட்ரோலும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாடை முற்றம் முழுக்கப் பரவியிருந்தது.

"பாட்டரி மாத்தியாச்சு டாக்டரையா. தள்ளாமலே கிளம்பிட்டு. ஆனா ஸ்லோ நிக்க மாட்டக்கு. சும்மா நிறுத்தி வச்சா ஒதறுது. மேலப்பாளையத்துக்காரர் வந்து பாக்கதுக்கு முன்ன சரி பண்ணிருவோம்."

மேலப்பாளையத்துக்காரர் என்றது மைதீன் பிச்சையை. பழைய கார்களை வாங்கி விற்கிறவர். வண்டி ஒழுங்காக ஓடினால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

விற்றே ஆக வேண்டும். அம்பலவாணனின் மனைவி உலகம்மாள் திருநெல்வேலி டவுணில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "அந்தக் காரு நம்ம முத்தத்துல நிக்கிற வரைக்கும் என்னையக் கூப்பிட வராதிய" என்று சொல்லிவிட்டுப் போனவள். போகும்போது அழக்கூட இல்லை. கார் போனால் அவள் வருவாள். அவருக்கு இந்த உலகத்தில் இனி வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்லிவிடலாம். சுற்றி வளைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது?

அவர்களுக்கு ஒரே பிள்ளை, வடிவு. இரண்டாம் வகுப்பு படித்தாள். கேட்டைத் திறப்பது அவள் வேலை. அப்பாவின் கார் பாலத்து மேட்டில் முக்கி ஏறுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், தட்டில் சோறு இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடுவாள். கொண்டியைத் தூக்கி, கேட்டின் கம்பியில் காலை வைத்துத் தொங்கிக்கொண்டே அதைத் திறப்பாள். கார் உள்ளே போனதும் சாத்திக் கொண்டி போடுவதும் அவள்தான். வேறு யாராவது தொட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

வளைகுடாவில் சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறியபோது, ஊரில் பாதிப் பேரைப்போல டாக்டரும் ஒரு பழக்கம் பிடித்தார். பாலத்து மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விட்டால், கார் தானாக உருண்டு கேட்டுக்கு வந்து நிற்கும். ஹாரன் அடிப்பதற்காகச் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொள்வார். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருந்தால் டேஷ்போர்டில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரியும். ஒன்று ஆயிலுக்கு, ஒன்று பாட்டரி சார்ஜுக்கு. எஞ்சின் கிளம்பினால் இரண்டும் அணைந்துவிடும்.

"எப்பா, இப்பல்லாம் நீங்க வாரது எனக்குக் கேக்கவே மாட்டக்கு" என்று வடிவு குறைபட்டாள்.

அவர் அதை விளையாட்டாக்கிவிட்டார். பூனைபோல இறங்கி வந்து, கேட்டு முன்னால் நின்று திடீரென்று ஹாரன் அடிப்பார். அவள் பதறிக்கொண்டு ஓடி வருவாள். "இன்னைக்கும் ஏமாந்துட்டியாட்டி?" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

போன மாசியில், புளி உலுக்குகிற சமயம். வடிவு கேட்டுக்கு வெளியே ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, உதிர்ந்து கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்கே மலைக்கு இறங்கும் வெயில் டாக்டரின் கண்ணுக்கு நேரே அடித்தது. கூச்சம் தாங்காமல் கண்ணைத் தாழ்த்தினார். தாழ்த்திய கண்ணில் பட்டது அந்த இரண்டு சிவப்பு விளக்குகள்தான். கார் சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது.

போலீஸிடமும் அவரே சொன்னார். டவுணில் மைத்துனரிடமும் அவரே சொன்னார். யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாப்பமா?" என்றார் வைத்தியலிங்கம்.

"நீரே ஓட்டும்வே. நான் பக்கத்துல இருக்கேன்."

மாசிக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மெயின் ரோடு வரை போனார்கள். கார் ஒழுங்காகத்தான் ஓடியது. டேஷ்போர்டு இருட்டாக இருந்தது. திரும்பி வரும்போது வயலெல்லாம் மங்கி, தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. நனைந்த வைக்கோல் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. கார் பாலத்து மேட்டில் ஏறியது.

இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன.

"என்னவே இது?"

வைத்தியலிங்கம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது. விளக்குகள் மினுங்கக்கூட இல்லை.

"எஞ்சின் ஓடுது ஐயா. சத்தம் கேக்குல்லா? ஓடாத வண்டிக்குல்லா இது ரெண்டும் சேந்து எரியும்."

இறக்கத்தில் கார் உதற ஆரம்பித்தது. சீட்டு உதறியது, கண்ணாடி உதறியது. கேட்டுக்கு முன்னால், அந்த இடத்துக்கு வந்ததும், எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது.



தவளைச் சத்தமும் நின்றிருந்தது.

மறுநாளிலிருந்து வைத்தியம் நடந்தது. வைத்தியலிங்கம் பிளக்குகளைக் கழற்றித் தேய்த்துப் போட்டார், பாயிண்டை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினார். ஆயில் புதிதாக ஊற்றினார். டைனமோவை இறக்கி ஏற்றினார். டாக்டரும் கூடவே நின்றார். அவருடைய நோயாளிகள் எதுவும் வாய் திறந்து எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லை. இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். காரையும் அப்படித்தான் பார்த்தார். ஐட்லிங் குறைந்தால் சார்ஜ் விளக்கு மினுங்கும், அது நோயில்லை. எஞ்சின் சூடேறிக் களைத்தால் ஆயில் விளக்கு மினுங்கும், அதுவும் வயசான வண்டிக்குச் சகஜம். ஆனால் இரண்டும் சேர்ந்து, ஒரே இடத்தில், அசையாமல் எரிந்தால் அது என்ன நோய்?

வைத்தியலிங்கம் காரைத் தன் ரிப்பேர் செட்டுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அங்கே அது குழந்தை தூங்குவதுபோல நின்று ஓடியது. சரியாகிவிட்டது என்று கொண்டுவந்தார். பாலம் ஏறியதும் பழைய குறி பழையபடி வந்தது.

அன்றைக்கு அவர் சாவியை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. வண்டியில ஒண்ணுமில்ல. என் செட்டுல ஒழுங்கா நிக்கி. இந்தப் பாலத்தத் தாண்டுனா வேற வண்டியா ஆயிருது. மைதீன் பிச்சையை என் செட்டுக்கே வரச் சொல்லிருவோம். அங்கன வச்சே வித்துருவோம்."

"இங்கன ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியணும்வே."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறிய?" என்றார் வைத்தியலிங்கம். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா மாடு வளர்க்கிறவள். அவள் மாட்டுக்குப் போன கோடையில் டாக்டர்தான் பிரசவம் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பைய சொன்னாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல வண்டியக் கிளப்பாதிய ஐயா. நீங்க கிளப்புனா எம் மாடு உங்க கேட்டத் தாண்டி வர மாட்டக்கு. ரோட்டுல நின்னுக்கிட்டு, காத ரெண்டையும் பாலத்துப் பக்கமா திருப்பி வச்சிக்கிட்டு அப்படியே பாக்கும். அடிச்சாலும் நகராது."

மாடு ஒரு பக்கம் காதைத் திருப்பினால் அங்கே ஏதோ சத்தம் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டருக்கு இது தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை டவுணுக்குப் போனார். தெற்கு ரத வீதியில் மைத்துனர் வீட்டு மாடியில், உலகம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப மெலிந்து போயிருந்தாள்.

"வித்தாச்சா?"

"இல்ல. ஸ்லோ நிக்க மாட்டக்கு. லைட்டு எரியுது. சரி பண்ணிட்டு..."

"ஓட்டை ஒடைசல்னு இரும்புக்காரனுக்குப் போடுங்க. யாரு கேக்கப் போறா?"

கீழே தெருவில் ஒரு பழைய கார் முனகிக்கொண்டு போனது. உலகம்மாளின் கை மடிப்பை விட்டுவிட்டு அப்படியே நின்றது. சத்தம் தேய்ந்து மறைகிற வரை அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

"எந்தக் காரு போனாலும் இப்படித்தான்" என்றாள். "அன்னைக்கு நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் வரட்டும், புள்ள கேட்டைத் திறக்கப் போயிருவா, நாம காப்பி போடுவோம்னு இருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் வரவே இல்லங்க. நான் காத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது, தைரியம் வரவில்லை. "இந்த வாரத்துல வித்துருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் பொழுது சாயும்போது முற்றத்தில் காரைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து வைத்தார். எஞ்சின் வழக்கம்போல உதறியது. கொஞ்ச நேரம் ஓடும், ஓர் அடி விட்டுப்போகும், மறுபடி ஓடும். வீட்டு மாடத்தில் அகல் எரிந்தது. புளியமரத்திலிருந்து வவ்வால்கள் ஒவ்வொன்றாக மலைப்பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தன. ஈரமண் வாசத்தோடு சுட்ட எண்ணெய் வாசம் எழுந்தது.

மருந்துப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். சிரிப்பாகத்தான் இருக்கும், யாராவது பார்த்தால். ஆனால் எங்கே விட்டுப்போகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த வேலை. வட்டத்தை எஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் இரும்புச் சத்தம்தான் கேட்டது. தடதடவென்று வால்வுகள். அதற்குக் கீழே பெல்ட்டின் முனகல். அதற்கும் கீழே ஒன்று.

தப், தப், தப்.

மண்ணில் ஓடும் வெறுங்கால்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சின்னக் காலின் ஓட்டம் அது. வீட்டுப் பக்கமிருந்து தொடங்கி, முற்றத்தைத் தாண்டி, வேகம் பிடித்து வந்தது. வந்து, வந்து, ஓர் இடத்தில் அறுந்தது. அது அறுந்த இடத்தில்தான் எஞ்சின் உதறியது. பிறகு ஓட்டம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது.

கொண்டியைத் தூக்கும் சத்தம் மட்டும் வரவே இல்லை.

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றார் என்று அவருக்கே தெரியாது. கன்னம் நனைந்திருந்தது. பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள். அப்பா வண்டி வந்துவிட்டது என்று நினைத்து ஓடுகிறாள், கேட்டை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோகிறது, மறுபடி ஓடுகிறாள். மாசியிலிருந்து இதே வேலை. அவளை இப்படி ஓடவிட்டது அவர்.

"வடிவு" என்றார் மெல்ல.

ஓட்டம் தயங்கியது.

"ஏட்டி, வடிவு."

ஓட்டம் நின்றது. ஓடி வந்து நின்ற பிள்ளைக்கு மூச்சு வாங்குமே, அந்த மூச்சு அவர் காதுக்குள் கேட்டது. காருக்குள் யாரும் சாவியைத் தொடவில்லை. எஞ்சின் அணைந்தது. கண்ணைத் திறந்தபோது பக்கக் கண்ணாடியில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன.

எஞ்சின் நின்ற பிறகும் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து உருவிக் கீழே போட்டார். உடம்பெல்லாம் பயம், ஆனால் ஓடிப்போகக் கால் வரவில்லை. தன் பிள்ளையைக் கண்டு பயந்து ஓடுகிற அப்பன் எங்காவது உண்டா என்று அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு இருட்டும் வரை அழுதார்.

அடுத்த நாள் சாயங்காலம் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, அவரே காரை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார். ஸ்டியரிங் அவர் கையில் வழுக்கியது. அங்கே திருப்பி, மெதுவாக வந்து, பாலத்து மேட்டில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு விளக்குகளும் எரிந்தன. கார் காய்ச்சல்காரன்போல உதறியது.

கீழே இறக்கம் முழுக்க இருள் தேங்கியிருந்தது. கேட் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. அதன் குளிர் பாலத்தின் மேல் ஏறி வந்து அவர் காலைத் தொட்டது.

ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார். எஞ்சினின் சத்தம் வயலெங்கும் போய்த் திரும்பியது.

"ஏட்டி, இன்னைக்கு ஏமாத்தல" என்றார். "சத்தம் கேக்கா? அப்பா மேட்டுலயே நிக்கேன். நீ திறந்த பொறவுதான் இறங்குவேன். பைய வா தாயி. விழுந்துராத."

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எஞ்சின் சூடேறும் வாசம் வந்தது. ஓர் ஆள் சைக்கிளில் வந்தார், பாலத்தின் நடுவில் நிற்கும் காரைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தவர் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கீழே இரும்பில் இரும்பு உரசியது.

கொண்டி.

கேட் மெல்ல அசைந்தது. காற்று இல்லை. புளியமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. கம்பியில் யாரோ காலை வைத்துத் தொங்குவதுபோலக் கேட் ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து, கீல் முனக, அரைவட்டம் போட்டுத் திறந்தது. மண்ணில் அது கீறிய தடம் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்தது.

கடைசி வரை திறந்து சுவரில் முட்டி நின்றது.

ஆயில் விளக்கு அணைந்தது. சார்ஜ் விளக்கும் அணைந்தது. உதறல் நின்றுபோய், எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் இறங்கினார். அந்த இடத்தைத் தாண்டினார். உள்ளே வந்தார். முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

சாத்துவதும் அவள் வேலைதானே. காத்திருந்தார்.

கேட் திறந்தபடியே கிடந்தது. அவர் போய்ச் சாத்தினார்.

அதற்குப் பிறகு காரில் ஒரு குறையும் இல்லை. பாலம் தாண்டினாலும் விளக்கு எரியவில்லை. மறுநாள் காலையில் எழுந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வெறும் இரும்புச் சத்தம். நோய் தீர்ந்துவிட்டது. பிள்ளை போய்விட்டாள். கேட்டைத் திறக்க வைத்து அவரே அவளை அனுப்பிவிட்டார். இதைத்தானே செய்ய வேண்டும், இதுதானே நல்லது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது அவர் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. ஓடுகிற எஞ்சினில் ஒரு பிளக்கின் ஒயரைத் துணி சுற்றிப் பிடித்து உருவினார். கார் உதறத் தொடங்கியது. கொஞ்சம் ஓடும், ஓர் அடி விட்டுப்போகும். நேற்றுவரை கேட்ட அதே உதறல்தான். ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒயர் மாற்றி ஒயர் உருவிப் பார்த்தார். ஆயிலும் புகையுமாக, வெயில் ஏறுகிற வரை அங்கேயே நின்றார். ஓடிவரும் கால் எதிலும் இல்லை. கடைசியில் ஒயரை அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மைதீன் பிச்சை வந்தார். பானெட்டின் மேல் ஒரு தம்ளரில் தண்ணீர் வைக்கச் சொல்லி, அது தளும்பாமல் நிற்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மாஷா அல்லா, என்ன பக்குவமா வச்சிருக்கிய டாக்டரே. குடுக்க மனசு வருதா?"

"கொண்டுபோங்க பாய்" என்றார் அம்பலவாணன். கார் பாலத்தில் ஏறி மறைகிற வரை முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

உலகம்மாளைக் கூட்டிவரப் போனபோது அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடந்தது எதையும் அவர் அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் ரோட்டில் நடக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மழை மேகம் கவிந்து, நேரத்துக்கு முன்பே இருட்டியிருந்தது. பாலத்து மேட்டில் வந்ததும் உலகம்மாளுக்குக் கால் ஓடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே கேட் சாத்தியிருந்தது. காலையில் கொண்டியைப் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத்தான் அவர் வெளியே வந்திருந்தார்.

"பைய போவோம்" என்றார். "வண்டிதான் போயாச்சுல்லா."

அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டவுணில் மாடியில் நின்றபோது சாய்ந்ததே, அப்படி.

"வண்டி வருது" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ரோடு காலியாக மெயின் ரோடு வரை கிடந்தது. வெளிச்சம் இல்லை. சத்தமும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது.

"எங்க உலகு?"

"மேடு ஏறுது. கேக்கலையா உங்களுக்கு?"

அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எஞ்சின் மேல் குழலை வைத்துப் பிள்ளையின் கால் ஓடியதைக் கேட்ட காது அது. இப்போது தண்ணீர் மட்டும்தான் கேட்டது.

உலகம்மாள் அவர் கையைப் பிடித்து ரோட்டோரமாக இழுத்தாள். மாசிக்குப் பிறகு அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "ஓரமா வாங்க. வழி விடுங்க. நம்ம காருதான். எனக்குத் தெரியாதா?" அவள் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகம் சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஏதோ ஒன்று தங்களைக் கடந்து போவதற்கு இடம் விட்டு இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் வேட்டி நுனி அசையக்கூட இல்லை.

கீழே கேட் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

அரைவட்டம் போட்டுத் திறந்தது.

உலகம்மாள் அவர் கையை விட்டுவிட்டு இறக்கத்தில் வேகமாக நடந்தாள். "ஏட்டி வடிவு, கம்பியப் பிடிச்சுக்கோ. அப்பா நடந்து வாராவ" என்று யாரிடமோ சொல்வதுபோல இல்லாமல், தினமும் சொல்வதுபோலச் சொன்னாள். கேட்டுக்குள் நுழைந்து, நேரே அடுப்படிக்குப் போனாள். காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரச் சத்தம் கேட்டது.

அம்பலவாணன் பின்னாலேயே இறங்கினார். அந்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது. புளி காய்க்கிற காலம் இல்லை அது. ஆனாலும் கேட்டுக்கு முன்னால் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை குவித்து வைத்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றி வந்து உள்ளே நுழைந்தார். முற்றத்தில் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. அங்கேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சினும் இல்லை, ஓடுகிற காலும் இல்லை, மூச்சும் இல்லை. உள்ளே உலகம்மாளுக்குக் கேட்கிறது. அவருக்கு அது கொடுத்துவைக்கவில்லை போலும்.

ஒரு கார் உள்ளே வந்து நிற்கிற நேரம் ஆயிற்று.

அவர் முதுகுக்குப் பின்னால் கேட் தானாகச் சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்த சத்தம் மட்டும் அவருக்கும் கேட்டது.